கதவுக்கு வெளியே நிற்கும் அப்பாக்களுக்கு

அன்புள்ள அப்பாக்களுக்கு,

காது பரிசோதனை அறைக்கு வெளியே வராந்தாவில் நிற்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். உள்ளே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பால் புட்டியும் துண்டுமாக அமுச்சியோ அப்பத்தாவோ இருப்பார். வெளியே ஒரு கையில் ஃபைலும் இன்னொரு கையில் பைக் சாவியுமாக நீங்கள் நிற்பீர்கள். பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், லாரி டிரைவர், பேங்க் ஊழியர், குவைத்திலிருந்து லீவில் வந்தவர் என்று யாராக இருந்தாலும் நிற்கிற இடம் அதுதான். கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்தால் கேட்கிற கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஏனுங்க மேடம், எப்பங்க அப்பான்னு கூப்புடும்?"

இந்தக் கேள்வியை நான் சின்னதாக நினைத்ததே இல்லை. நம் ஊரில் பிள்ளை தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது. குழந்தைக்கு "அப்பா" என்பதுதான் உங்கள் பெயர். ஆதார் கார்டில் இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், இந்தப் பெயரைக் கூப்பிட உலகத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் உரிமை. அதற்கு ஏங்குவது நியாயமான ஏக்கம். கொங்குப் பக்கம் பேச்சு, கேட்புப் பயிற்சியாளராகப் பல வருடங்களாக வேலை செய்கிற நான் அந்த ஏக்கத்தை மதித்துத்தான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. அந்தச் சொல் வாயில் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே காது வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். அதை உள்ளே அனுப்பும் வேலையிலும், காதுக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. காத்திருக்கிற காலத்தில் செய்ய வேண்டியது அது.

முதலில் கொஞ்சம் கசப்பான செய்தி. பிறக்கும்போது குழந்தைக்கு அம்மாவின் குரல் தெரியும், உங்கள் குரல் அந்த அளவு ஒட்டியிருக்காது. ஆறாம் மாதம் வாக்கில் கருவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. அம்மாவின் குரல் அவருடைய உடம்பு வழியாகவே உள்ளே இறங்குகிறது. வெளியிலிருந்து வரும் குரல்கள் மங்கித்தான் போய்ச் சேரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆந்தனி டிகாஸ்பர் என்ற உளவியலாளர் 1980-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பு, காதில் ஹெட்ஃபோன். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் ஒலிக்கும். குழந்தைகள் அம்மா குரல் வரும்படி சப்புவதை மாற்றிக்கொண்டன. 1984-இல் இதே மாதிரி அப்பாக்களின் குரலை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண் குரல்கள் வேறு வேறு என்பது குழந்தைகளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்பாவின் குரலைக் கேட்பதற்காக அவை தனியாக மெனக்கெடவில்லை.

மனசு விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு மூன்று மாதம் முன்கூட்டியே கிடைத்த வாய்ப்பு உங்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகுதான் கிடைக்கிறது, அவ்வளவுதான். கிடைத்த பிறகு எவ்வளவு வேகமாக நடக்கிறது பாருங்கள். நாலரை மாதத்தில் குழந்தை தன் பெயரை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது. 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஆறு மாதக் குழந்தைகளின் முன்னால் இரண்டு திரைகளை வைத்தார்கள். ஒன்றில் அந்தக் குழந்தையின் அம்மா, மற்றதில் அப்பா. அம்மாவைக் குறிக்கும் சொல் ஒலித்தபோது குழந்தைகள் அம்மா இருந்த திரையை அதிக நேரம் பார்த்தன, அப்பாவைக் குறிக்கும் சொல் ஒலித்தபோது அப்பா இருந்த திரையை. முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் காட்டியபோது அப்படிப் பார்க்கவில்லை. ஆண்கள் எல்லாருக்கும் பொதுவான சொல்லாக அந்தக் குழந்தைகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தன் அப்பாவுக்கான சொல் என்றே எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, உங்கள் குழந்தை உங்களைக் கூப்பிடுவதற்குப் பல மாதம் முன்னாலேயே உங்கள் பெயர் எது என்று அதற்குத் தெரிந்திருக்கலாம். நீங்கள் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கண்ணைப் பாருங்கள். வீட்டில் யாராவது "அப்பா வந்தாச்சு" என்றதும் தலை வாசல் பக்கம் திரும்புகிறதா? திரும்பினால் பாதி வேலை முடிந்தது என்றுதான் நான் கணக்கு வைப்பேன்.

சொல் வாய்க்கு வருகிற வழியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டுச் சண்டை பெரும்பாலும் இங்கேதான். இரண்டு மூன்று மாதத்தில் "ங்கா" சொல்லும். ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் "பபபபா", "மமமமா", "தத்தத்தா" என்று கோர்வையாக வரும். உதட்டை மூடித் திறந்தாலே ப-வும் ம-வும் வந்துவிடும். பல் வேண்டாம், நாக்கை வளைக்க வேண்டாம். எதிரே இருப்பவரின் உதடு அசைவதும் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். உலகத்தில் எத்தனையோ மொழிகளில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்த உதட்டு ஒலிகளே வாய்த்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்தில் இந்த "அப்" என்ற ஒலிக்கு உரிமை கொண்டாட ஒரு கூட்டமே இருக்கிறது. அப்பா, அப்பத்தா, அப்பாரு, அப்புச்சி. எட்டு மாதக் குழந்தை "அப்பப்பா" என்றதும் நாலு பேரும் என்னைத்தான் கூப்பிட்டது என்பார்கள். அந்த மாதத்தில் அது யாரையும் கூப்பிடவில்லை, வாயைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. அது "பபபா" என்றால் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஆமா சாமி, அப்பா... அப்பாதான்" என்று பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அது மறுபடி சத்தம் கொடுக்கிற வரைக்கும் பொறுத்திருங்கள். அது கொடுத்தால் நீங்களும் கொடுங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வெறும் சத்தம் சொல்லாகிறது.

எப்போது அதைச் சொல் என்று ஒத்துக்கொள்வது? யாரும் தூண்டாமல், உங்களைப் பார்த்தோ தேடியோ, திரும்பத் திரும்ப உங்களுக்கே சொன்னால் அது சொல். திருத்தமாக "அப்பா" என்று வர வேண்டியதில்லை. "பா", "ப்பா", "ஆப்பா" எதுவானாலும் சரி. ஒரு வயது நிரம்பும்போது அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட இப்படி ஒரு சொல்லாவது பெரும்பாலான குழந்தைகளிடம் இருக்கும்.

கூட்டுக் குடும்பத்தில் வேறு ஒரு சங்கடம் வரும். குழந்தை உங்களை "மாமா" என்று கூப்பிடும், தாத்தாவைப் போய் "அப்பா" என்று கூப்பிடும். இதைச் சொல்லி ஒருவர் என் எதிரே கண் கலங்கியிருக்கிறார். குழந்தை சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் மனைவி உங்களை மாமா என்கிறார், தன் தகப்பனை அப்பா என்கிறார், அது காதில் விழுந்ததைச் சொல்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன அம்மாவோடு ஐந்தாறு மாதம் அங்கேயே இருந்து திரும்புகிற குழந்தைகளிடம் இது சகஜம். அதன் முன்னால் வீட்டில் எல்லாரும் உங்களை "அப்பா" என்றே சொல்லட்டும். நீங்களும் கொஞ்ச காலம் "நான்" என்பதை விட்டுவிட்டு, "அப்பா தூக்கட்டுமா", "அப்பா சட்டை போடறேன் பாரு" என்று உங்கள் பெயரை நீங்களே சொல்லிக்கொண்டிருங்கள். தானாக மாறிவிடும்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான ஒன்று. நம் வீடுகளில் பல ஆண்கள் கைக்குழந்தையிடம் பேசுவதே இல்லை. கொஞ்சுவார்கள், தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள், கடைவீதிக்குத் தோளில் வைத்துக்கொண்டு போவார்கள். பேச மாட்டார்கள். "அதுக்கென்னங்க புரியும்" என்பார்கள். பேசினால்தான் புரியும். 2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இருவரும் வேலைக்குப் போகும் பெற்றோர் தங்கள் இரண்டு வயதுக் குழந்தையோடு விளையாடுவதைப் பதிவு செய்தார்கள். அப்பாக்கள் அம்மாக்களைவிடக் குறைவாகத்தான் பேசினார்கள். ஆனால் பலவகைச் சொற்களைப் போட்டுப் பேசிய அப்பாக்களின் குழந்தைகள் மூன்று வயதில் பேச்சில் முன்னால் நின்றன.

என்ன பேசுவது என்றுதானே கேட்கிறீர்கள்? கையில் என்ன வேலை இருக்கிறதோ அதைப் பேசுங்கள். எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். "அப்பா தண்ணி மொண்டுட்டேன்... கால்ல ஊத்தட்டுமா?... சுடுதா? சுடல... இந்தா சோப்பு... அய்யோ வழுக்குது, ஓடுது பாரு சோப்பு..." ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம், குழந்தையின் முகத்தில் ஒரு பார்வை. விசைத்தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியவர் என்பதால் அவர் குரல் இயல்பாகவே கத்தலாக வரும். முகத்தைக் கிட்டே கொண்டுபோய், குரலைத் தணித்துப் பேசச் சொன்னேன். தறி ஓடும்போது ஒரே கூரைக்கடியில் இருக்கும் குழந்தைக்குப் பேச்சின் நுட்பமான ஒலிகள் எதுவும் போய்ச் சேராது என்பதையும் சொன்னேன். பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர்ப் பக்கத்து அப்பாக்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். தறி நிற்கிற நேரம் எதுவோ, கரண்ட் போகிற நேரம் எதுவோ, அதுதான் உங்கள் குழந்தையோடு பேசும் நேரம்.

செல்போனில் பாட்டுப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 2003-இல் சியாட்டிலில் பட்ரீஷியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார்கள். நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசியவர்களிடமிருந்து குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் வந்தபோது எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரை வேண்டாம் என்கிறது, ஆனால் உறவினர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது.

அந்த விலக்கு உங்களுக்காகத்தான், வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களே. 2014-இல் வெளிவந்த ஆய்வொன்றில் இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்காத புதுச் சொற்களை நேரலை வீடியோ காலில் கற்றுக்கொண்டன. எதிரில் இருப்பவர் தனக்குப் பதில் சொல்கிறார் என்பதுதான் வித்தியாசம். நீங்கள் அறையில் வந்து படுத்ததும் போன் போட்டு "அப்பா சொல்லு, அப்பா சொல்லு, சொல்லு தங்கம்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். குழந்தைக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது, போனைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறது. உங்களுக்கு அன்றைய ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. கேட்காதீர்கள், சொல்லிக்கொண்டு மட்டும் இருங்கள். குழந்தை கையில் கரண்டி இருந்தால் நீங்களும் ஒரு கரண்டியை எடுத்துத் தட்டுங்கள். "அப்பாகிட்டயும் கரண்டி இருக்கு பாரு" என்று சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்து திரையைக் காட்டி "அப்பா" என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

இவ்வளவும் காது கேட்கும் குழந்தைக்கு. கேட்காவிட்டால்?

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர் ஒரு காதிலோ இரண்டு காதிலோ கேட்புக் குறையோடு பிறக்கிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் நம் பக்கத்தில் அது குறைவாக இருக்கும் என்று எண்ணக் காரணமே இல்லை. குடும்பங்கள் ஏமாந்துபோவது எங்கே தெரியுமா? காது கேட்காத குழந்தையும் அழும், சிரிக்கும், "ங்கா" சொல்லும். முதல் ஆறு மாதம் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்குப் பிறகு வர வேண்டிய "பபபபா" கோர்வைதான் வராது, அல்லது ரொம்பத் தாமதமாக வரும். தட்டைக் கீழே போட்டால் திரும்புகிறதே என்பீர்கள். தரை அதிர்வில் திரும்பும், உங்கள் நிழலைப் பார்த்துத் திரும்பும், அமுச்சி திடுக்கிட்டதைப் பார்த்துத் திரும்பும். வீட்டில் கை தட்டிப் பார்த்துக் காதைத் தீர்மானிக்க முடியாது.

நாள் கடத்துவதற்கு வீட்டில் ஆயிரம் சமாதானம் கிடைக்கும். ஆம்பளைப் பையன் லேட்டாத்தான் பேசுவான். அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான். வசம்பு தடவுனா சரியாப் போயிடும். குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசாம இருந்து திருச்செந்தூர்ல பேசுனார். பெரியவர்கள் மனசைத் தேற்றத்தான் சொல்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. திருச்செந்தூருக்குப் போங்கள், மதுரை பேச்சியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் காதையும் டெஸ்ட் செய்துவிடுங்கள். பேச்சு வருமென்று ஒரு வயதுக்குள் தேனை மட்டும் நாக்கில் தடவாதீர்கள், அது கைக்குழந்தைக்கு ஆபத்து.

டெஸ்ட் என்றதும் பயப்பட ஒன்றும் இல்லை. நல்ல காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை, தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. லண்டனைச் சேர்ந்த டேவிட் கெம்ப் 1978-இல் இதை நிரூபித்தார். அதை வைத்துத்தான் ஓ.ஏ.இ. என்கிற பரிசோதனை. குழந்தையின் காதில் மெத்தென்ற சின்ன அடைப்பானை வைப்போம். அதன் வழியாக டிக் டிக் என்று ஒலி போகும், அதிலேயே இருக்கும் மைக் காதிலிருந்து வரும் பதிலைப் பிடிக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. மெஷினில் "பாஸ்" அல்லது "ரெஃபர்" என்று வரும். "ரெஃபர்" வந்தால் காது போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும் மெழுகு போன்ற பூச்சும் இருந்தாலும் அப்படி வரும். மறுபடி வரச் சொல்வார்கள். அந்த மறுபடி வரும் நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். அதைத் தவறவிடாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

இரண்டாம் தடவையும் "ரெஃபர்" என்றால் பெரா டெஸ்ட். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் மின்முனைகள், காதிலிருந்து மூளைத்தண்டு வரைக்கும் சமிக்ஞை போகிறதா என்று காட்டும். குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யு. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றிய குழந்தைக்கும் ஓ.ஏ.இ. பாஸ் ஆனாலும் பெரா அவசியம். உள்காது நன்றாக இருந்து நரம்பில் தடங்கல் இருக்கிற வகை அவர்களிடம் உண்டு, ஓ.ஏ.இ. அதைக் காட்டாது. கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தாலும், குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்திருந்தாலும், குடும்பத்தில் சின்ன வயதிலேயே காது கேட்காதவர் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலக்கெடு எளிதாக நினைவில் நிற்கும்: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும். 1998-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் மொழியில் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியதைக் காட்டியது. என்னிடம் மூன்று வயதில் வரும் குழந்தைகளின் அப்பாக்களைப் பார்க்கும்போது, இவர்களிடம் யாராவது பிறந்த மாதமே சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

முடிவு சொல்லும் நேரத்தில் தயவுசெய்து உள்ளே வாருங்கள். நான் சொல்வதை உங்கள் மனைவி தனியாகக் கேட்டு, வெளியே வந்து உங்களுக்கும், வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவுக்கும் அவரே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதே பழியும் அவர் மேல் விழுகிறது. "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லைங்களே" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். பிறவிக் காதுகேளாமைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஜி.ஜே.பி.2 என்கிற மரபணுவில் வரும் மாற்றம். பெரும்பாலும் அது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குழந்தையின் காதைப் பாதிக்கும். சுமக்கிற இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் ஒரே மாற்றத்தை இருவரும் சுமக்கிற வாய்ப்பு கூடுகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. உங்கள் மனைவியை யாராவது ஒரு வார்த்தை சொன்னால், அப்போது குறுக்கே நிற்க வேண்டியவர் நீங்கள்.

செலவை நினைத்தும் ஒதுங்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். காது மெஷின் போதாத குழந்தைக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. அதற்கு ஆறு வயது வரம்பு உண்டு. வரம்பு இருக்கிறதே என்று ஐந்து வயது வரை தள்ளாதீர்கள். மூளை மொழிக்கு இளகியிருக்கும் காலம் அதற்கு முன்பே நழுவத் தொடங்கிவிடும்.

இம்ப்ளான்ட் வைத்த குழந்தைகளின் அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன் நாள் வரும். புதுச் சட்டை போட்டு, சாக்லேட் டப்பாவோடு வருவீர்கள், செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராக நிற்பீர்கள். ஒலி உள்ளே போனதும் குழந்தை விக்கித்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழும். காதுக்கு மேல் காந்தத்தில் ஒட்டியிருக்கும் வில்லையைப் பிய்த்து எறியும். உங்கள் முகம் விழுந்துவிடும். அன்றைக்குத்தான் அந்தக் காது பிறந்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அதன் கேட்கும் வயதை அன்றிலிருந்துதான் நாங்கள் எண்ணுவோம். பிறந்த அன்றே எந்தக் குழந்தையும் அப்பா என்று சொல்லவில்லையே. அதன்பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. கதவு தட்டுகிற சத்தம், குக்கர் விசில், நாய் குரைப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, காதைத் தொட்டு "கேட்டுச்சா?" என்று சொல்லி, பிறகு சொற்கள். சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, பெற்றோரையும் கூட வைத்துக்கொண்டு சின்னஞ்சிறு வயதிலேயே காதுகேளாத பிள்ளைகளுக்கு இப்படிப் பேச்சுக் கற்பித்து வருகிறது. வாரா வாரம் பயிற்சிக்கு வருவது அம்மாக்கள் மட்டுமாகவே இருப்பது எனக்குப் பெரிய குறை. பயிற்சியில் நடப்பதை நீங்களும் பார்த்தால்தான் வீட்டில் இரண்டு வாய்கள் ஒரே மாதிரிப் பேசும்.

சில குழந்தைகளுக்கு மெஷினாலும் இம்ப்ளான்டாலும் பேச்சு வராது. அவர்களின் அப்பாக்கள் வராந்தாவில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள், அது என்னை ரொம்ப வதைக்கிறது. கேளுங்கள், உங்களுக்கும் பதில் இருக்கிறது. காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த காதுகேளாத குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுகின்றன என்று 1991-இல் லாரா ஆன் பெட்டிட்டோ என்ற ஆய்வாளர் கண்டார். கேட்கும் குழந்தை "பபபா" என்று வாயைப் பழக்கும் அதே வயதில் அந்தப் பிஞ்சு விரல்கள் சைகையைப் பழக்குகின்றன. சைகையும் முழு மொழிதான், இலக்கணம் உள்ள மொழி. நம் ஊர்க் காதுகேளாதோர் பலர் மீசை இருக்கும் இடத்தை விரலால் தொட்டு அப்பாவைக் குறிப்பிடுகிறார்கள். உங்கள் பிள்ளை தெருமுனையில் உங்களைக் கண்டதும் அந்த இடத்தைத் தொட்டால் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. நீங்களும் சைகையைக் கற்றுக்கொண்டால் கூப்பிட்ட பிறகு பேச்சும் தொடரும்.

காது நன்றாக இருந்தும் பேசாத குழந்தைகளைப் பற்றி இன்னொரு மடலே எழுத வேண்டும். இங்கே சுருக்கமாக. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தாலும், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லிக்கொண்டிருந்த "அப்பா" நின்றுபோனால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள், எந்த வயதானாலும்.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறேன். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் இன்னொரு ஆண் கேட்பார். டீக்கடையில், லாரி ஷெட்டில், கம்பெனி மெஸ்ஸில் யாராவது குழந்தை பிறந்திருக்கிறது என்று ஸ்வீட் கொடுத்தால், வாயில் போட்டுக்கொண்டு, "காது டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

டெஸ்டுக்கு வருகிற அன்று டிஸ்சார்ஜ் சம்மரியையும் காப்பீட்டு அட்டையையும் மறக்க வேண்டாம். பெரா டெஸ்டுக்குக் குழந்தை இங்கே வந்துதான் தூங்க வேண்டும், பஸ்ஸிலேயே தூங்கி எழுந்துவிட்டால் அன்றைய நாள் வீண். வழியெல்லாம் அதை முழித்திருக்க வைக்க யாராவது முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வர வேண்டும். ஜன்னல் சீட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டைக் காட்டுங்கள், லாரியைக் காட்டுங்கள், தென்னை மரத்தைக் காட்டுங்கள், எது வந்தாலும் அதன் பெயரைச் சொல்லி, உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பேச்சுப் பயிற்சியாளர்